தளர்ந்தது கணுக்கால்தான்

மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் பினாங்கு குயின் ஸ்ட்ரீட்டில் ஒரு திருட்டு நடந்துகொண்டிருந்தது.

அப்படித்தான் குமுதா நினைத்தாள். மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக ஓர் ஆள், கடை வாசல் நடைபாதையான அஞ்சடியின் தூணில் கட்டியிருந்த பண்டிங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஆள் உயரத்துக்கும் மேலே நீளும் விளம்பரத் துணி அது. இரண்டு முடிச்சுகளை அவிழ்த்தாகிவிட்டது. மூன்றாவது முடிச்சு மழையில் இறுகிப்போய் அவனோடு மல்லுக்கு நின்றது.

வேறு யாருடைய பண்டிங்காக இருந்தாலும் குமுதா பேசாமல் போயிருப்பாள். கையில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் சூடாக இருந்தது. பசி வேறு. ஆனால் இது அவள் செய்தது. ஹனீபா அச்சகத்தின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எழுத்து தேர்ந்து, வண்ணம் வைத்து, மலாயில் வந்த வாசகத்தைத் தானே தமிழாக்கி... அதை ஒருவன் பட்டப்பகலில் சுருட்டிக்கொண்டு போவதா?

"அண்ணே! ஹலோ அண்ணே! என்னா பண்றீங்க?"

"பாத்தா தெரியல? அவுக்குறேன்." அவன் திரும்பக்கூட இல்லை.

"அது கிளினிக்கோடது லா. கவுன்சில்ல பெர்மிட் எடுத்து, ஸ்டிக்கர் ஒட்டி கட்டுனது. நீங்க பாட்டுக்கு அவுத்தா எப்படி?"

"கிளினிக்கோடதுதான். மூஞ்சி யாரோடது?"

கேள்வி அவளுக்கு விளங்கவில்லை. அதற்குள் மூன்றாவது முடிச்சும் விட்டுக்கொடுத்துவிட்டது. பண்டிங் சரிந்து விழ, ஒரு முனையை அவன் பிடித்தான். மறு முனையைக் குமுதா பிடித்தாள்.

"விடுங்க."

"நீங்க விடுங்க."

"மிஸ், சொன்னா கேளுங்க..."

அவள் கேட்கிற ரகம் இல்லை. பலமாக ஓர் இழுப்பு இழுத்தாள். அவன் வலது கால் அஞ்சடியின் ஈர விளிம்பில் வழுக்கி, பாதம் உள்பக்கமாக மடங்கியது. "அம்மா!" என்று ஒரு சத்தம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சாப்பாட்டுப் பொட்டலம் வாய்க்காலில் போய் விழுந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, ஹெல்மெட்டைக் கழற்றினான்.

குமுதா அவன் முகத்தைப் பார்த்தாள். பண்டிங்கைப் பார்த்தாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். அதே அடர்ந்த புருவம். அதே கண்கள்... ஒரு வாரம் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, வெளிச்சம் கூட்டி, நிழல் குறைத்து, அவள் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த கண்கள். படத்தில் அவை சிரித்தன. இங்கே மழைநீர் வழிய, வலியில் சிவந்து, அவளை முறைத்தன. நேரில்தான் இன்னும் நன்றாக இருக்கின்றன என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது. தொழில் புத்தி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"படிங்க," என்றான் அவன்.

"எத?"

"என் மூஞ்சிக்கு கீழ எழுதியிருக்கே, அத. சத்தமா படிங்க."

குமுதாவுக்கு என்ன வெட்கம்? தன் எழுத்தைத் தானே படிப்பதில் கொஞ்சம் பெருமைகூட. படித்தாள்.

"நாள்பட்ட நரம்புத் தளர்ச்சியா? கவலை வேண்டாம்! ஹார்மோன் ஊசி இருக்கிறது!"

எதிர்ப்பக்கம் பூக்கடையில் நின்ற இரண்டு ஆண்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். பண்டிங்கில் மட்டும் ஃபுட்சால் ஜெர்ஸியில், கட்டை விரலை உயர்த்திக்கொண்டு, ஒன்றும் அறியாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதுல என்னா தப்பு?" குமுதா விடவில்லை. "நான்தான் எழுதுனேன். எஸ்.பி.எம். பரீட்சையில எனக்கு தமிழ் ஏ ப்ளஸ்."

"நீங்களா?"

"நானேதான்."

அவன் அவளைப் பார்த்தான். இந்த இரண்டு வாரமாக, இதை எழுதியவன் கையில் கிடைத்தால் என்ன செய்வது என்று அவன் விதவிதமாக யோசித்து வைத்திருந்தான். எல்லா யோசனையிலும் எழுதியவனுக்கு மீசை இருந்தது. இப்படி நனைந்த இமைகளோடு, மூக்கு நுனியில் ஒரு மழைத்துளியோடு, சண்டைக்கோழி போல ஒருத்தி வந்து நிற்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்காக வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இவளுக்குப் பொருந்தவில்லை.

"மொதல்ல என்னைய கிளினிக்குக்கு கொண்டுபோங்க," என்றான். "அப்புறமா சண்ட போடலாம்."

அவன் பெயர் மோகனராஜ். கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் டெக்னிஷியன். கிளினிக்கின் டாக்டர் லிம், ஃபுட்சால் என்கிற உள்ளரங்கப் பந்தாட்டத்தில் அவனுடைய கூட்டாளி. சுகாதார முகாமுக்கு ஒரு படம் வேண்டும் என்று டாக்டர் கேட்டார்; அவன் சிரித்துக்கொண்டே கட்டை விரலைத் தூக்கினான். அதில் தமிழ் என்ன எழுதியிருக்கிறது என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு அது அழகான கோலம் மாதிரிதான்.

டாக்டர் கணுக்காலை அழுத்திப் பார்த்தார். கிழியவில்லை, ஆனால் இத்தனை நாள் பட்ட பாட்டில் பாதி வீண் என்று மலாயில் அலுத்துக்கொண்டார். வாசலில் நின்ற குமுதாவுக்கும் விளக்கினார். விளையாட்டில் ஒரே காலைத் திரும்பத் திரும்பச் சுளுக்கிக்கொண்டதால், மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைநார் தளர்ந்துபோய்விட்டது. அது எலும்போடு சேருகிற இடத்தில், குளுக்கோஸ் தண்ணீரில் கொஞ்சம் வளர்ச்சி ஹார்மோனைக் கலந்து ஊசி போடுகிறார். உடம்பு அதைப் புதுக் காயம் என்று எண்ணிக்கொண்டு, பழைய காயத்தையும் சேர்த்து ஆற்றப் பார்க்குமாம்.

"அப்ப நிச்சயமா குணமாயிடுமா டாக்டர்?" என்று குமுதா மலாயில் கேட்டாள்.

சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, ஆராய்ச்சி இன்னும் போதாது, நான் யாருக்கும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை என்றார் டாக்டர். பிறகு, அந்தத் தமிழ் பண்டிங் நன்றாக வந்திருக்கிறது, நிறையப் பேர் நின்று படம் எடுக்கிறார்கள் என்று அவளைப் பாராட்டினார்.

மோகனராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

குமுதா அச்சகத்துக்குத் திரும்பி, முதலாளி ஹனீபாவிடம் நேராகவே கேட்டாள். பண்டிங் அடித்த வாரம் அவர் மக்காவுக்கு உம்ரா போயிருந்தார். நேற்றுத்தான் வந்தார்.

ஹனீபா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிப் படித்தார்.

"யா அல்லா..."

"என்னா பாய்? எழுத்துப் பிழையா?"

"எழுத்தெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. அது வந்து... நரம்புத் தளர்ச்சின்னா... ஆம்பளைங்க சமாச்சாரம்."

"என்னா சமாச்சாரம்?"

"கல்யாணம் கட்டி... அப்புறம் வந்து... முடியாம..." அறுபது வயது மனிதரின் காது சிவந்தது. "நீ போயி கூகுள்ல பாரும்மா! என்னைய போட்டு ஏன் கேக்குற?" அச்சு இயந்திரத்தில் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டார்.

குமுதா பார்த்தாள். திரை நிறைய லேகிய விளம்பரங்கள். ஒவ்வொன்றிலும் கட்டில் ஓரத்தில் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதுகுக்குப் பின்னால் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். விளம்பரம் எதிலும் கணுக்கால் இல்லை.

தவறு எப்படி நடந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துபோயிற்று. கிளினிக்கிலிருந்து வந்த மலாய் வாசகத்தில் 'உராட் லொங்கார்' என்று இருந்தது. உராட் என்றால் நரம்பு. அவள் வீட்டில் நரம்பு, நார், ரத்தக் குழாய் எல்லாமே நரம்புதான். கால் சுளுக்கினால் அம்மா 'நரம்பு பெசகிடுச்சி' என்பாள். லொங்கார் என்றால் தளர்ச்சி. இரண்டையும் சேர்த்தாள். பத்தே நிமிடத்தில் முடிந்த வேலை. அப்போது தன் வேகத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

ஆனாலும் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. ஏ ப்ளஸ் குறுக்கே நின்றது.

மறுநாள் மாலை, முந்தின நாள் அச்சக வாசலில் விட்டுப்போன மோட்டார் சைக்கிளைப் பார்க்க மோகனராஜ் நொண்டிக்கொண்டே வந்தான்.

"தப்பு மலாய்ல இருந்து வந்திச்சி," என்றாள் குமுதா, அவன் வாய் திறப்பதற்குள்.

"ஓ. அப்ப மலாய் மேலதான் கேஸ் போடணும்."

"நரம்புன்னா அகராதியில நாருன்னும்தான் போட்டிருக்கு, அண்ணே. வேணும்னா காட்டுறேன்."

"ஃபேக்டரியில கொண்டுவந்து காட்டுங்க மிஸ். என் மேசையில தெனம் யாராவது முட்ட, பேரீச்சம்பழம், முருங்கக்கீரன்னு வெச்சிட்டுப் போறாங்க. ஒருத்தர் அவங்க ஊரு வைத்தியர் நம்பர எழுதி, கையப் புடிச்சி கண்கலங்கிட்டுப் போனாரு. எங்கம்மா ரெண்டு வெள்ளிக்கெழமையா கோயிலுக்குப் போகல. படம் வாட்ஸாப்புல ஈப்போ வரைக்கும் போயிடுச்சி."

குமுதாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். அடங்கவில்லை. அவன் முறைத்தான். முறைத்துக்கொண்டே அவனும் சிரித்துவிட்டான். சிரித்து முடித்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அது சிரிப்பினால் வந்த தண்ணீர் மட்டும் இல்லை.

"சாரி," என்றாள். "நெஜமாவே சாரி. ஏ ப்ளஸ்ஸெல்லாம் சும்மா. திருத்தி வேற அடிச்சி கட்டிடவா? 'முன்னால் வந்தது தவறு'ன்னு பெருசா போட்டு?"

"அய்யோ, வேணவே வேணாம்! பாக்காதவன்கூட தேடி எடுத்துப் பாப்பான்."

அதுவும் நியாயம்தான். அச்சில் போன பேரை அச்சில் மீட்க முடியாது. என்ன செய்வது என்று தெரியாமல் குமுதா தன்னால் முடிந்த ஒன்றைச் சொன்னாள். கால் ஆறும்வரை அவனால் மோட்டார் ஓட்ட முடியாது. இருவர் வீடும் ஜெலுத்தோங்கில்தான். காலையில் வேலைக்கு வரும் வழியில் அவனைத் தன் காடியில், அந்தச் சின்னக் காரில் ஏற்றி, ஃபெரித் துறையில் இறக்கிவிடுவாள். அக்கரையில் கம்பெனி பஸ் இருக்கிறது.

"பாவ மன்னிப்பா?" என்றான்.

"ஆமா. சீட் பெல்ட் போடுங்க."

இதில் காதல் வர வேண்டும் என்று இருவரும் திட்டம் போடவில்லை. ஜெலுத்தோங்கிலிருந்து துறைமுகம் வரை காலையில் சாலை நெரிசலாக இருக்கும். அது ஒரு காரணம். மழைக்காலம், அது இன்னொன்று. வைப்பர் அசைய, கண்ணாடி மங்க, அவள் முன்னால் பார்த்து ஓட்டுவாள். அவன் முன்னால் பார்ப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு அவளைப் பார்ப்பான்.

"அண்ணே, கால் இன்னைக்கு எப்படி இருக்கு?"

"கால் பரவால்ல. காதுதான் வலிக்குது."

"காதுக்கு என்னா?"

"அண்ணே, அண்ணேன்னு கேட்டுக் கேட்டு..."

அவள் கியரை மாற்றினாள். மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. அது கியர் தானாக மாறும் ஆட்டோ காடி. அதற்குப் பிறகு அவள் அவனை எப்படியும் கூப்பிடவில்லை. 'இங்க பாருங்க' என்றும் 'ஹலோ' என்றும் 'தோ' என்றும் சமாளித்தாள். ஒருநாள் தூரத்தில் ஃபெரி கிளம்பப்போவதைப் பார்த்து, அவசரத்தில் "மோகன், ஓடாதீங்க! கால்!" என்று கத்திவிட்டாள். அவன் ஓடவில்லை. ஃபெரியை விட்டுவிட்டு, அடுத்த ஃபெரி வரும்வரை காடிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். இருவரும் ஒன்றும் பேசவில்லை... பேசியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்த வாரம், போகிற போக்கில் அவன் ஒரு விஷயத்தைச் சொன்னான். தாசேக் கெலுகோரில் அவனுக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெயர் காமினி. ஜாதகம் பார்த்து, கிட்டத்தட்ட நிச்சயம் வரை வந்த பேச்சு. பண்டிங் வாட்ஸாப்பில் போனதும், 'பையனுக்கு ஒடம்பு சரியில்லையாமே' என்று பெண் வீட்டார் நிறுத்திவிட்டார்கள்.

"பொண்ண பாத்தீங்களா?"

"படத்துல."

"நல்லா இருக்குமா?"

"நல்லாத்தான் இருக்கும்."

வைப்பர் இரண்டு தடவை அசைந்தது. மூன்று தடவை அசைந்தது.

அவன் சொன்னது, 'நல்லவேளை, நின்றுபோனது' என்ற அர்த்தத்தில். அவள் கேட்டதோ, 'என் வாழ்க்கையைக் கெடுத்தாய்' என்ற அர்த்தத்தில். பத்து நிமிடத்தில் தான் கூட்டிவைத்த இரண்டு வார்த்தை, எங்கோ ஒரு வீட்டில் ஒரு கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறது. அன்று முழுவதும் குமுதாவால் ஒரு வரிகூட ஒழுங்காக அடிக்க முடியவில்லை. 'திருமண வாழ்த்துகள்' என்று வந்ததெல்லாம் அவளைக் குத்திக்காட்டிய மாதிரி இருந்தது.

அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் தன்னிடம் மறைக்கவில்லை. பிடித்திருந்ததனால்தான் கெடுத்ததைச் சரிசெய்யாமல் இருக்க முடியவில்லை. தவறு செய்தவள், அந்தத் தவறினால் காலியான இடத்தில் போய் தானே உட்கார்ந்துகொள்வதா? அதை நினைக்கவே கூசியது.

அவள் நேராக அவன் அம்மா ஜெயலெட்சுமியிடம் போனாள். நான்தான் அதை எழுதியவள் என்றாள். ஜெயலெட்சுமி வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டினார். திட்டி முடித்து, மூச்சு வாங்கி, "உள்ள வா, தண்ணி குடி," என்றார். பிறகு தாசேக் கெலுகோர் விலாசத்தைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை குமுதா பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போனாள். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, தாசேக் கெலுகோரில் ஒரு பச்சைக் கேட் போட்ட வீடு. காமினியின் அப்பா நல்லமுத்து கார் கழுவிக்கொண்டிருந்தார். குமுதா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். உராட், லொங்கார், தசைநார், கணுக்கால், ஃபுட்சால்... 'அந்த வார்த்தைக்கு அந்த அர்த்தம்னு எனக்குத் தெரியாதுங்க ஐயா' என்று சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

நல்லமுத்து கார் துடைத்த துணியைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தண்ணீர்க் குழாயை மூட மறந்து, கார்மேல் கையூன்றிச் சிரித்தார்.

"ஏம்மா, ஒரு பொட்டப்புள்ள இத சொல்றதுக்கு இவ்ளோ தூரம் வந்தியா? அப்ப அது உண்மையாத்தான் இருக்கும். போய்ச் சொல்லு, வர்ற ஞாயித்துக்கெழம வந்து பொண்ண பாக்கச் சொல்லு."

காமினி தேநீர் கொண்டுவந்தாள். அவள் எப்படியாவது திமிர் பிடித்தவளாக இருக்கக் கூடாதா என்று குமுதா ரகசியமாக வேண்டிக்கொண்டிருந்தாள். அப்படி இல்லை. அமைதியான, அன்பான பெண். "வெயில்ல வந்திருக்கீங்க அக்கா, சாப்ட்டுட்டுப் போங்க," என்றாள். இப்படிப்பட்ட பெண்ணை வெறுக்கக்கூட வழியில்லை.

திரும்பி வரும்போது பாலத்தின் மேல் குமுதா அழுதாள். நல்ல வேளை, பாலம் நீளமானது. ஜெலுத்தோங் வருவதற்குள் கண் துடைத்தாகிவிட்டது.

"எல்லாம் சரி பண்ணிட்டேன்," என்றாள் மறுநாள் காலையில், காடியைக் கிளப்பிக்கொண்டே. "அவங்க ஒத்துக்கிட்டாங்க. ஞாயித்துக்கெழம வரச் சொன்னாங்க. பொண்ணு தங்கம். உங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

மோகனராஜ் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான். 'இவள் என்னை எவ்வளவு கச்சிதமாக மடித்து, பொட்டலம் கட்டி, இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டாள்' என்று அவனுக்குள் ஏதோ எரிந்தது. 'இத்தனை நாள் காடியில் வந்தது வெறும் பாவ மன்னிப்புத்தானா?' கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்னாவது?

"நீங்க பாத்து முடிவு பண்ணா சரியாத்தான் இருக்கும்," என்றான்.

"ஆமா," என்றாள் அவள்.

அந்த வாரம் முழுவதும் இருவரும் வானொலியைக் கேட்டுக்கொண்டே போனார்கள்.

சனிக்கிழமை அடுத்த ஊசி. அன்று முழுக்கக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. யாராவது கூட்டிப்போக வேண்டும். இதுதான் கடைசித் தடவை என்று சொல்லிக்கொண்டே குமுதா வந்தாள். டாக்டர் லிம் ஊசி ஏற்றும்போது மோகனராஜ் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் கையைப் பிடிக்கவில்லை. தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீங்கும், வலிக்கும், வலி மாத்திரை போட்டுவிடாதே என்று டாக்டர் எச்சரித்தார். வீக்கம்தான் ஆற்றுகிற வேலையைச் செய்கிறது, அதை அடக்கினால் ஊசி வீண். சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

அவர் போனதும் மோகனராஜின் ஃபோன் அடித்தது. தாசேக் கெலுகோரிலிருந்து நல்லமுத்து. நாளை எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று கேட்டார். மோகனராஜ் ஸ்பீக்கரில் போட்டு, இன்று ஊசி போட்டிருக்கிறது, நடக்கச் சிரமம் என்றான்.

"என்னா ஊசி தம்பி? தப்பா நெனைக்காதீங்க. வீட்டுல பொம்பளைங்க மறுபடி கேக்குறாங்க... அந்த ஹார்மோன் ஊசிதானா? கால்லதான் போட்டாங்களா?"

மோகனராஜ் ஃபோனைக் குமுதாவிடம் நீட்டினான். "நீங்களே சொல்லுங்க. உங்க வேலதானே இது. சரியா முடிச்சி வைங்க."

குத்தலாகத்தான் சொன்னான். அவள் வாங்கிக்கொண்டாள்.

குமுதாவுக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. கொஞ்சம் தடுமாறினால் போதும். ஒரு பெருமூச்சு, 'அது வந்துங்க ஐயா...' என்று ஓர் இழுப்பு. பொய்கூடச் சொல்ல வேண்டாம். நாளைக்கு யாரும் தாசேக் கெலுகோர் போக வேண்டியிருக்காது. திங்கட்கிழமை காலையில் இவன் மறுபடி தன் காடியில் இருப்பான்.

"ஐயா, குமுதா பேசுறேன். நான் இப்ப பக்கத்துலதான் நிக்கிறேன், என் கண்ணாலயே பாத்தேன். வலது கணுக்கால்லதான் போட்டாங்க. தளந்தது அந்த தசைநார் மட்டுந்தான். மத்தபடி அவரு நல்ல ஆரோக்கியமான ஆளு... ரொம்ப நல்லவரு. நீங்க தைரியமா பொண்ண குடுக்கலாம்."

கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் கம்மியது. அவ்வளவுதான், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மோகனராஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஈரமான அந்தக் கண்கள், அவன் இத்தனை நாள் கேட்காமல் விட்ட கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்லிவிட்டன.

அவன் எட்டி ஃபோனை வாங்கினான்.

"ஐயா, மோகன் பேசுறேன். இந்தப் புள்ள என் மேல பரிதாபப்பட்டு சொல்லுதுங்க. மொதல்ல எழுதுனதுதான் சரி. எனக்கு நரம்புத் தளர்ச்சிதான். உங்க பொண்ணுக்கு நல்ல எடமா பாருங்க ஐயா... மன்னிச்சிடுங்க."

வைத்துவிட்டான்.

குமுதா கத்தினாள்.

"பைத்தியமா உங்களுக்கு? நான் ஒவ்வொருத்தர் வாசல்லயும் நின்னு திட்டு வாங்கி சரி பண்ணத... ஒரே நிமிஷத்துல... வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். பேசி ஒத்துக்கிட்டப்புறம் மாப்ள வீட்டுல வேணாம்னு சொன்னா, நாளைக்கி அந்தப் பொண்ணுக்கு என்னா கொறையோன்னு ஊரு பேசும். அவங்களா என்னைய வேணாம்னு சொல்லட்டும். கொற என் பேர்லயே இருக்கட்டும். எனக்குப் பழகிடுச்சி."

"பொய்தானே?"

"பொய்தான். யாருக்கும் தீங்கு இல்லாத பொய். எங்கம்மாகிட்ட உண்மைய சொல்லி நான் பேசிக்கிறேன்."

"ஊரே சிரிக்குமே..."

"சிரிச்சி முடிச்சாச்சி. இனிமே புதுசா என்னா சிரிக்கப் போறாங்க?"

"இப்படியொரு பேர வெச்சிக்கிட்டு... உங்கள யாரு கட்டிக்குவா?"

மோகனராஜ் கட்டிலில் நிமிர்ந்து உட்கார முயன்றான். கணுக்கால் சுரீரென்றது, பல்லைக் கடித்துக்கொண்டான்.

"அதத்தான் யோசிச்சேன். இந்த பினாங்கு முழுக்க தேடுனாலும், அது தப்புன்னு சந்தேகமே இல்லாம தெரிஞ்ச ஒரே பொண்ணு நீங்கதான். நீங்களே எழுதுனது. நீங்க வேணாம்னு சொன்னா, அப்புறம் நெஜமாவே எனக்கு யாரும் இல்ல." குரல் இறங்கியது. "ஆனா பாவ மன்னிப்பா வராதீங்க குமுதா. அது முடிஞ்சிடுச்சி. என்னைய புடிச்சிருந்தா மட்டும் வாங்க. எனக்கு உங்கள புடிச்சிருக்கு. அந்த மழையில நீங்க பண்டிங்க இழுத்தப்பவே புடிச்சிருந்திச்சி. கால் வலியில சரியா தெரியல."

வெளியே யாரோ மருந்துச் சீட்டுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குமுதா திரைச்சீலையை இழுத்து மூடினாள். அருகில் வந்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்தாள். இரண்டு கையும் காலியானதும் எங்கே வைப்பது என்று தெரியாமல், அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபோன்ல அவர்கிட்ட சரியா சொன்னேன்ல..." அவள் பிடியை இறுக்கினாள். "ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்த நான் முழுங்கியிருந்தா போதும் மோகன். நீங்க எனக்குத்தான். அது தெரிஞ்சே முழுங்காம சொன்னேன். என் வாழ்க்கையிலயே நான் பிழையில்லாம சொன்ன தமிழ் அதுதான். வாயெல்லாம் கசந்திச்சி..."

"ஏன் சொன்னீங்க?"

"ஏன்னா உங்கள எனக்கு அவ்ளோ புடிக்கும்."